ஆயிரம் வாட் எதற்கு? எங்கள் கருத்தரங்க அறைக்கான ரிசீவர் குறித்து

நீண்ட பதிவு இது. பொறுமையுள்ளோர் மட்டும் தொடர்க. வரும் வியாழக்கிழமை எங்கள் துறையின் கொள்முதல் குழு மறுபடியும் கூடவிருக்கிறது. இதுவரை தாழ்வாரத்திலும் தேநீர்க் கடையிலும் அரைகுறையாகச் சொல்லிவந்ததை முழுமையாக எழுதி வைப்பது நல்லதென்று தோன்றிற்று. பிற துறைகளிலும் பிற பல்கலைக்கழகங்களிலும் இதே கதை நடப்பதைக் கேள்விப்படுகிறேன். ஆகவே பொதுவில் இடுகிறேன். வீட்டுக்கு ஹோம் தியேட்டர் வாங்கும் எண்ணமுடையோர்க்கும் இதில் பாதியேனும் பொருந்தும்.

நடந்தது இதுதான். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் ஊர் மாறிச் செல்கையில் தம் வீட்டிலிருந்த ஐந்து ஸ்பீக்கர்களைத் துறைக்குக் கொடுத்துச் சென்றார். முன்னிரண்டு, நடுவொன்று, பின்னிரண்டு. கனத்த மரப்பெட்டிகள், முன்னிரண்டையும் இருவர் சேர்ந்தே தூக்க முடிந்தது. அவற்றை இயக்குவதற்கான ரிசீவர் மட்டும் பழுதாகிப் போயிருந்தது. புதியதொன்று வாங்கத் துறை முடிவெடுத்தது. விவரக்குறிப்பில் ஒலி தொடர்பாக இருந்தது ஒரே வரி: 1,000 வாட் அல்லது அதற்கு மேல். விலைப்புள்ளிகள் வந்தன. அவற்றுள் குறைந்த விலைக்குரிய கருவி வந்து சேர்ந்தது. முதல் திரையிடலின் நாற்பதாம் நிமிடத்தில் 'டக்' என்றோர் ஓசை. கருவி தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. பத்து நிமிடம் ஆறவிட்டு மீண்டும் தொடங்கினோம். மீண்டும் அணைந்தது. அணையாமல் ஓடிய பகுதியிலும் உரையாடல் விளங்கவில்லை. பின்வரிசையினர் ஒலியைக் கூட்டச் சொன்னார்கள். கூட்டினால் பின்னணியிசை எழுந்து முன்வரிசையினர் காதைப் பொத்திக்கொண்டனர். இறுதியில், "துணைவரிதான் ஓடுகிறதே, படித்துக்கொள்ளுங்கள்" என்று முடிவாயிற்று.

மொழியியல் துறையில் சொல்லப்பட்ட வாக்கியம் அது.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவ்வறை திரைப்படத்துக்கு மட்டும் உரியதன்று. களப்பதிவுகளைக் கேட்டு ஒலியனெழுத்தில் குறித்தெழுதும் பயிற்சி அங்கேதான் நடைபெறுகிறது; அதற்கு மதிப்பெண் உண்டு. எங்களோடு பயிலும் தோழி ஒருவர் இரு காதிலும் செவித்துணைக் கருவி அணிபவர். கடந்த பருவத்தில் அவர் அப்பயிற்சியில் இழந்த மதிப்பெண்ணில் எவ்வளவு அவருடைய காதுக்குரியது, எவ்வளவு அந்த அறைக்குரியது என்று எவரும் பிரித்துப் பார்க்கவில்லை. களப்பதிவுக்குத் துணைவரி கிடையாது. இப்போது குழுவின் முன்னுள்ள புதிய முன்மொழிவு 2,000 வாட் கருவி வாங்குவது. நோய் இன்னதென்று அறியாமலே மருந்தின் அளவை இரட்டிப்பாக்குவதை ஒக்கும் இது. என் எதிர்ப்பை இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் சொற்குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். தொழில் பழக்கம், மன்னிக்க. தமிழில் 'ஒலிபெருக்கி' என்னும் ஒரே சொல்லால் இரண்டு வேறுபட்ட பொருள்களைச் சுட்டுகிறோம். ஊர்த் திருவிழாவில் கம்பத்தில் கட்டிய கூம்பும் ஒலிபெருக்கி. பந்தலுக்குப் பின்னால் மேசைமீதிருக்கும் பெட்டியும் ஒலிபெருக்கி. உண்மையில் பெருக்குவது மேசைமீதுள்ள பெட்டி மட்டுமே. கூம்பு எதையும் பெருக்குவதில்லை. மின்னலையைக் காற்றலையாக மாற்றுகிறது, அவ்வளவே. இக்குழப்பத்தைத் தவிர்க்கவே இப்பதிவில் ஸ்பீக்கர் என்றும் பெருக்கி என்றும் எழுதுகிறேன். ரிசீவர் என்ற சொல்லும் இவ்வகையில் ஒரு புதைபடிவம். வானொலி அலையைப் பெறும் உறுப்பும் பெருக்கியும் ஒரே பெட்டிக்குள் இருந்த காலத்தில் வைத்த பெயர் அது. இன்று அதில் வானொலி கேட்பவர் அரிது. பெயர் மட்டும் நிற்கிறது. இன்றைய ரிசீவர், படக்கருவிகளிலிருந்து வரும் எண்மச் சமிக்ஞையைப் பிரித்து, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உரியதைக் கணக்கிட்டு, பெருக்கி அனுப்பும் கணினி.

பெருக்கியின் மேல் எழுதியிருக்கும் வாட் கொடுக்கும் அளவு. ஸ்பீக்கரின் மேல் எழுதியிருக்கும் வாட் தாங்கும் அளவு. ஒன்று வருவாய் என்றால் மற்றது வயிறு. '100 வாட் ஸ்பீக்கர்' என்றால் அது 100 வாட் ஒலியை உண்டாக்கும் என்று பொருளில்லை. அதற்கு மேல் ஊட்டினால் கருகும் என்று பொருள். நம் விவரக்குறிப்பு இவ்விரண்டையும் கலந்துவிட்டது.

சரி, 1,000 வாட் என்பதாவது உண்மையா? வந்த கருவியின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். 230 வோல்ட் மின்சாரத்தில் அது எடுத்துக்கொள்ளும் திறன் 350 வாட் என்று அச்சிட்டிருந்தது. 350 உள்ளே போய் 1,000 வெளியே வருமானால் துறையின் மின்கட்டணத்தையே அக்கருவியைக் கொண்டு கட்டிவிடலாம். (நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: மின்தேக்கிகளில் சேமித்ததைக் கணநேர உச்சத்துக்குக் கூடுதலாகக் கொடுக்க இயலும்; அச்சிட்ட எண்ணும் குறிப்பிட்டதொரு சோதனை நிலையில் அளந்ததே. ஆயினும் மும்மடங்கு வேறுபாட்டை அது நியாயப்படுத்தாது.) கையேட்டின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் விளக்கம் கிடைத்தது. 6 ஓம் சுமையில், 1,000 ஹெர்ட்ஸ் என்ற ஒற்றை அதிர்வெண்ணில், 10 விழுக்காடு திரிபோடு, ஒரே ஒரு சேனல் மட்டும் இயங்கும்போது கிடைத்த எண்ணை எடுத்து, எல்லாச் சேனல்களுக்கும் பெருக்கிக் கூட்டிய தொகை அது. ஒரு மாணவர் ஒரு பாடத்தில், ஒரு வினாவில், பார்த்தெழுதிப் பெற்ற மதிப்பெண்ணை எல்லாப் பாடங்களுக்கும் போட்டுக் கூட்டிப் பட்டம் வழங்குவது போல.

எங்கள் தலைமுறையினர்க்கு இது புதிதன்று. தொண்ணூறுகளில் நம் வீடுகளிலிருந்த டேப் ரிக்கார்டர்களின் நெற்றியில் ஒட்டியிருந்த பிஎம்பிஓ வில்லைகள் நினைவிருக்கும். நான்கு பேட்டரிக் கட்டையில் பாடும் பெட்டியின் மேல் நூற்றுக்கணக்கில் வாட் எழுதியிருக்கும். அவ்வளவைக்கு எந்தப் பொது வரையறையும் இருந்ததில்லை. விற்பவர் மனம்போல் எழுதிக்கொண்டார். அமெரிக்காவில் இத்தகைய கூத்து மிகுந்தபோது அந்நாட்டு வணிக ஆணையம் 1974இல் பெருக்கிகளுக்கென்றே ஒரு விதியை இயற்றியது: எந்தச் சுமையில், எந்த அதிர்வெண் எல்லைக்குள், எவ்வளவு திரிபோடு அளந்த வாட் என்பதைச் சொல்லாமல் எண்ணை விளம்பரப்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். 2024இல் அதைத் திருத்திச் சோதனை நிலைகளை இன்னும் இறுக்கினார்கள். நாம் ஒரு நாட்டுக்கு விதி செய்யப் போவதில்லை. ஆனால் நம் விவரக்குறிப்பின் ஒரு வரியை அவ்வாறு எழுத எவர் தடுத்தார்?

எவ்வளவு வாட் தேவை என்பதைக் கணக்கிட முடியும். பத்தாம் வகுப்புக் கணிதம் போதும். பேராசிரியர் கொடுத்த ஸ்பீக்கர்களின் உணர்திறன், 2.83 வோல்ட் ஊட்டினால் ஒரு மீட்டர் தொலைவில் 86 டெசிபல். 8 ஓம் ஸ்பீக்கராயின் 2.83 வோல்ட் என்பது 1 வாட். நம்முடையவை 4 ஓம். ஆகவே அதே வோல்ட்டில் 2 வாட் குடிக்கின்றன. அதாவது 1 வாட்டுக்கு உண்மையில் 83 டெசிபல். (விளம்பரத் தாளில் 86 என்று பெருமையாக எழுதுவதில் இந்தச் சிறு தந்திரம் உண்டு.) திறந்தவெளியில் தொலைவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும், 4 மீட்டரில் அமர்ந்தவருக்கு 12 டெசிபல் குறைந்து 71 ஆகும். மூடிய அறையில் சுவர்கள் திருப்பித் தருவதால் இழப்பு இதைவிடக் குறைவு. ஆக, ஒரே ஒரு வாட்டில், அறையின் நடுவில் இருப்பவருக்கு 70 டெசிபலுக்கு மேல் கிடைக்கிறது. இயல்பான உரையாடல் ஒரு மீட்டரில் ஏறத்தாழ 60 முதல் 65 டெசிபல். நாம் படம் பார்க்கும் நேரத்தில் பெரும்பகுதி ஒற்றை வாட்டுக்குள்தான் வாழ்கிறோம்!

உச்சங்களுக்கு மிகுதி வேண்டும் என்பது உண்மை. சராசரியைவிட 20 டெசிபல் உயரும் கணங்களுக்கு இடம் விட்டால் 100 மடங்கு, அதாவது 100 வாட். அவ்வளவே. அதற்கு மேல் 200 வாட்டாக இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல். உற்றுக் கேட்டால் புலப்படும் அளவு. கேட்பவருக்கு 'இரு மடங்கு உரக்க' என்று தோன்ற வேண்டுமாயின் ஏறத்தாழ 10 டெசிபல் ஏற வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். எனவே 1,000த்திலிருந்து 2,000த்துக்குப் போகும் முன்மொழிவு, அவ்வெண்கள் மெய்யாகவே இருந்தாலுங்கூட, நமக்கு வாங்கித் தருவது அந்த 3 டெசிபலை மட்டுமே.

ஆய்வகத் தொழில்நுட்பர் அண்ணன் ஒருவர் இதற்கு மறுப்புச் சொன்னார்: "சிறிய பெருக்கியைக் கடைசிவரை முறுக்கினால் அலையின் தலை வெட்டுப்படும், உயர்சுருதி ஸ்பீக்கர் கருகும், பெரியதாக வாங்கிப் பாதியில் ஓட்டுவதே பாதுகாப்பு." பாதி சரி. வெட்டுப்பட்ட அலை ஸ்பீக்கரைக் கொல்லக்கூடும் என்பது உண்மை. ஆனால் அவர் கேட்பது நேர்மையான 100 வாட். குழு வாங்கப் பார்ப்பது நேர்மையற்ற 2,000. இரண்டும் வேறு. அவரிடம் இதைச் சொன்னபோது ஒப்புக்கொண்டார். குழுவில் அவருக்கு இடமில்லை என்பதையும் கூடவே சொன்னார். இருபது ஆண்டுகளாக இக்கருவிகளைக் கழற்றி மாட்டுபவர் அவர் ஒருவரே.

இனி, கருவி ஏன் அணைந்தது? ஓம் எண்ணால். ஒரே வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கர், 8 ஓம் ஸ்பீக்கரைவிட இரட்டிப்பு மின்னோட்டத்தை இழுக்கும். அந்த '4' என்பதும் ஒரு பெயரளவு எண்தான். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் அதிர்வெண்ணுக்கேற்ப ஏறி இறங்கும். பன்னாட்டுத் தரம், மிகத் தாழ்ந்த புள்ளி பெயரளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போகலாகாது என்கிறது. ஆக, 4 ஓம் என்றால் எங்கேனும் ஓரிடத்தில் 3.2 வரை இறங்கலாம். நாம் வாங்கிய ரிசீவரின் பின்புறத்தில் ஸ்பீக்கர் முனைகளுக்கருகே '6 முதல் 16 ஓம்' என்று தெளிவாக எழுதியிருந்தது. அதைப் படித்துப் பார்த்து எவரும் வாங்கவில்லை. சூடேறியது, பாதுகாப்பு ரிலே தன் கடமையைச் செய்தது. சில ரிசீவர்களில் இம்பீடன்ஸை 4க்கு மாற்றும் அமைப்பு பட்டியலுக்குள் ஒளிந்திருக்கும். அதை மாற்றினால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது உள்ளே பெருக்கிக்குப் போகும் வோல்ட்டைக் குறைத்துச் சூட்டைத் தணிக்கும் ஏற்பாடு. திறனையும் அதனுடன் குறைத்துவிடும்.

இதுவரை பொறியியல். இனி வருவது என் துறை. சற்று விரித்துச் சொல்ல இடங்கொடுங்கள்.

'உரையாடல் விளங்கவில்லை' என்று சொன்னோமே, சரியாக எது விளங்கவில்லை? உயிரெழுத்துகள் விளங்கின, அவை வலியவை. கெட்டவை மெய்கள், அதிலும் சொல்லிறுதி மெய்கள். பேச்சுத் தமிழில் 'வந்தான்' என்பதன் ஈற்று னகரம் தனியொலியாக நிற்பதில்லை. முன்னுள்ள ஆகாரத்தை மூக்கொலியாக்கிவிட்டு மறைகிறது. 'வந்தாள்' என்பதன் ளகரமோ முற்றிலும் உதிர்கிறது. ஆகவே வந்தது அவனா அவளா என்பது, எழுவாய் தொக்க ஒரு வாக்கியத்தில், அந்த ஆகாரத்தின் மூக்கோசை ஒன்றையே பற்றி நிற்கிறது. இந்தியில் 'ஹை' ஒருமை, அதையே மூக்கோசையுடன் சொன்னால் பன்மை. எத்தனை பேர் என்பதும் மூக்கோசையின் தயவில்தான். எழுத்தில் ஒரு புள்ளி; காதில் ஒரு மெல்லிய நிறமாற்றம். எதிர்முழக்கம் மிகுந்த அறையில் முதலில் கரைவது அந்நிறமே.

லகர ளகர ழகரங்களை எடுத்துக்கொள்வோம். இவற்றைக் காது பிரித்தறிவதில் மூன்றாம் ஃபார்மன்டுக்குப் பெரும்பங்கு உண்டு. நாவை மடித்தொலிக்கும் ழகரத்தில் அது கீழிறங்கி 2,000 ஹெர்ட்ஸை ஒட்டி வந்துவிடும். லகரத்தில் அதைவிட உயர்ந்து நிற்கும். அதாவது 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் ஒலி சீராக வராவிட்டால், வாழையா வாலையா என்பது குறித்துச் சண்டையிட்டுப் பயனில்லை. இப்போது நம் நடு ஸ்பீக்கரைப் பாருங்கள். திரைக்கடியில் பொருந்த வேண்டும் என்பதற்காகப் படுக்கைவாக்கில் செய்த பெட்டி. நடுவில் உயர்சுருதிக்குரிய சிறு கூம்பு, இருபுறமும் இரண்டு பெரிய கூம்புகள். நேரெதிரே அமர்ந்தவருக்கு இரு பெரிய கூம்புகளின் அலையும் ஒருசேர வந்தடையும். பக்கவாட்டில் அமர்ந்தவருக்கு ஒன்று முந்தியும் மற்றது பிந்தியும் வரும். சில அதிர்வெண்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அவ்வாறு பள்ளம் விழும் இடம், இவ்வகைப் பெட்டிகளில் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலிருந்து 2,500 வரை. ழகரம் குடியிருக்கும் தெருவிலேயே பள்ளம்.

திரைப்படத்தின் உரையாடலில் மிகப் பெரும்பகுதி நடுச் சேனலில்தான் வருகிறது. நம் அறையில் நேரெதிர் இருக்கைகள் நான்கு. அவற்றில் அமர்வோர் ஆசிரியர்கள். தோழி அமர்வது சன்னலோரம், ஏனெனில் மின்விசிறியின் ஓசை அங்கே குறைவு. ஒலி கேட்காத இடத்தில் அமரக் காரணம், ஓசை கேட்காத இடம் என்பதே!

இதற்கு எந்த ரிசீவராலும் முழுமருந்தில்லை. படுக்கைப் பெட்டியை எடுத்துவிட்டு, நிமிர்ந்து நிற்கும் சிறிய புத்தகத்தட்டு ஸ்பீக்கர் ஒன்றை நடுவில், காது மட்டத்தை நோக்கி வைப்பது முதல் மருந்து. ரிசீவர் செய்யக்கூடியது இரண்டாவது: மொத்த ஒலியைக் கூட்டாமல் நடுச் சேனலை மட்டும் 2, 3 டெசிபல் தனியே உயர்த்தலாம். எந்த ரிசீவரிலும் அவ்வமைப்பு உண்டு. இரவுநேரப் பயன்பாட்டுக்கென்று உச்சத்தைத் தாழ்த்தி மெல்லொலியை உயர்த்தும் சுருக்கமும் பலவற்றில் உண்டு. அன்று திரையிடலில் அவற்றில் ஒன்றையும் எவரும் தொடவில்லை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதைத் தனி சப்வூஃபருக்கு அனுப்பிவிட்டால் பெருக்கியின் சுமை பெரிதும் குறையும். பேச்சுக்கு அதனால் நட்டமில்லை. ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண்ணே பொதுவாக 85 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் தொடங்குகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அறை. இதைச் சொல்லும்போது குழுவில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். கருவிக்கு நிதித் தலைப்பு உண்டு, திரைச்சீலைக்கு இல்லையாம். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கும் இதே சிக்கல் வந்தது. ஃபாக் அருங்காட்சியகத்தின் புதிய விரிவுரைக் கூடத்தில் பேசியது ஒருவருக்கும் விளங்கவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் அதை ஒப்படைத்தார்கள். அவர் அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை இரவோடிரவாகத் தூக்கிவந்து பரப்பி, ஆர்கன் குழலொன்றை ஊதி, ஒலி முற்றும் அடங்க எத்தனை நொடி ஆகிறதென்று தம் காதாலேயே அளந்தார். விடியுமுன் மெத்தைகளைத் திருப்பி வைத்தாக வேண்டும். வெற்றுக் கூடத்தில் ஒரு சொல் அடங்க ஐந்தரை நொடி ஆயிற்று; அதற்குள் பேச்சாளர் இன்னும் பத்துப் பன்னிரண்டு சொற்களை அதன்மேல் கொட்டியிருப்பார். அந்த மெத்தைகளிலிருந்துதான் எதிர்முழக்கக் காலத்துக்கான சூத்திரம் பிறந்தது: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, ஒலியை உட்கவரும் பரப்பால் வகுக்க.

நம் அறைக்குப் போட்டுப் பார்த்தேன். நீளம் 9 மீட்டர், அகலம் 6, உயரம் 3.2. கன அளவு ஏறக்குறைய 173. சலவைக்கல் தரை, சுண்ணம் பூசிய சுவர், கண்ணாடிச் சன்னல், மர நாற்காலி. உட்கவரும் பரப்பு 14 சதுர மீட்டருக்கு மேல் தேறாது. விடை ஏறத்தாழ 2 நொடி. பேச்சுக்குரிய வகுப்பறையில் அது 0.6 நொடிக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வகுப்பறைத் தரம். அதை எட்ட நமக்கு 46 சதுர மீட்டர் வேண்டும். மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரைச்சீலை 40 சதுர மீட்டரும், 30 சதுர மீட்டருக்குத் தடித்த விரிப்பும் இட்டால் 43ஐத் தொடலாம். மீதியை அமர்ந்திருக்கும் மாணவர்களே உடலால் ஈடுசெய்வார்கள். இது மதிப்பீடுதான், அதிர்வெண்ணுக்கேற்ப மாறும்; ஆயினும் 2 நொடி எங்கே, 0.6 எங்கே. இதில் எந்தப் பெருக்கியைக் கொண்டுவந்தாலும் அது பேச்சை எவ்வளவு உயர்த்துகிறதோ அவ்வளவே எதிர்முழக்கத்தையும் உயர்த்தும். விகிதம் மாறாது. வாட்டால் தீராத நோய் இது.

செவித்துணைக் கருவி அணிபவர்க்கு இது இருமடங்கு இடர். கருவி எல்லாவற்றையும் சேர்த்தே பெருக்கும். சுவர் திருப்பி அனுப்பியதையும் சேர்த்து. ஆகவே அவர்க்கு அறையைத் தவிர்த்து நேரே ஒலியைக் கொண்டுசேர்ப்பதே சிறந்த வழி. இங்கேதான் ரிசீவரின் தேர்வு உண்மையிலேயே முக்கியமாகிறது. பெரும்பாலான ரிசீவர்களில் ஹெட்ஃபோன் செருகியதும் ஸ்பீக்கர்கள் ஊமையாகிவிடும். ஆனால் ஸ்பீக்கர்கள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே புளூடூத் வழியாக ஒரு ஹெட்ஃபோனுக்கும் ஒலியனுப்பும் மாதிரிகள் இன்று கிடைக்கின்றன. இரண்டாம் அறைக்கென்று தனி வெளியீடு உள்ளவற்றில் அதிலிருந்து ஓர் ஒலிபரப்புக் கருவியை இணைத்து அவருடைய செவித்துணைக்கே நேரே அனுப்பவும் வாய்ப்புண்டு. கடையில் இதைக் கேட்டால் விற்பனையாளர் வியப்போடு பார்க்கிறார். அவரிடம் எவரும் இதுவரை கேட்டதில்லை போலும்.

'இவ்வளவு பாடு எதற்கு, ஒரு சவுண்ட்பார் வாங்கிவிடலாமே' என்று கேட்போர்க்கு: வீட்டு வரவேற்பறைக்கு வாங்கலாம், தவறில்லை. 9 மீட்டர் நீள அறைக்குப் போதாது; நன்கொடையாக வந்த நல்ல ஸ்பீக்கர்கள் அலமாரி மேல் தூசி படிவதும் அழகன்று. பதினொரு சேனல், கூரை ஸ்பீக்கர், அட்மாஸ் என்று கேட்போர்க்கு: நம்மிடம் இருப்பது ஐந்து ஸ்பீக்கர். மீதி ஆறு பெருக்கிகளுக்குப் பணம் கொடுத்து அவற்றைச் சும்மா வைத்திருப்பானேன்? அதே விலையில் சேனல் குறைந்த, மின்மாற்றி கனத்த கருவி கிடைக்கும். ரிசீவரைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள் என்று பழைய கடைக்காரர்கள் சொல்வது மூடநம்பிக்கையன்று. வழக்கமான பெருக்கிகளில் எடையின் பெரும்பகுதி மின்மாற்றியும் வெப்பத்தகடும்தான்.

எனவே குழுவிடம் நான் வைக்கவிருப்பது 'நல்ல கருவி' என்ற வேண்டுகோளன்று. குறைந்த விலைப்புள்ளிதான் வெல்லும் என்பது விதியானால், வெல்பவர் எதில் போட்டியிட வேண்டும் என்பதை விவரக்குறிப்பு சொல்ல வேண்டும். என் வரைவு இது: "8 ஓம் சுமையில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரு சேனல்கள் ஒருங்கே இயங்கும்போது, 0.1 விழுக்காட்டுக்கு மிகாத திரிபுடன், சேனல் ஒன்றுக்குக் குறைந்தது 80 வாட். 4 ஓம் ஸ்பீக்கர்களை இயக்கலாம் என உற்பத்தியாளரின் கையேட்டிலேயே எழுத்தில் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு சேனலின் அளவையும் தனித்தனியே மாற்றும் வசதி, ஒலிவாங்கியைக் கொண்டு அறையை அளந்து திருத்தும் வசதி, பின்னாளில் தனிப் பெருக்கி இணைப்பதற்கான முன்பெருக்க வெளியீடுகள், ஸ்பீக்கர்கள் இயங்கும்போதே ஹெட்ஃபோனுக்கோ செவித்துணைக்கோ தனி வெளியீடு." மொத்த வாட் என்ற சொல்லே அதில் இல்லை. திரைச்சீலையும் விரிப்பும் 'ஒலியியல் துணைக்கருவிகள்' என்ற பெயரில் அதே பட்டியலில் இடம்பெறட்டும். பெயரிடுவதில் நாம் வல்லவர்கள்தாமே.

வாங்குமுன் ஒருமுறையேனும் கடன்பெற்று வந்து அவ்வறையிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். வெடிச்சத்தமும் கார் துரத்தலும் வேண்டாம். ஒருவர் மெல்லிய குரலில் 'வந்தான், வந்தா. கலை, களை, கழை' என்று ஒழுங்கின்றி நூறு சொற்களைப் பதிவு செய்து தரட்டும். அதைச் சன்னலோர இருக்கையிலிருந்து கேட்டு எழுதுவோம். தாளில் எத்தனை பிழை என்று எண்ணி, இரண்டு கருவிகளை ஒப்பிடுவோம். எங்கள் துறையில் கேட்டலறிதல் குறித்து முனைவர்ப் பட்டம் வாங்கியோர் இருக்கிறார்கள். ஒரு ரிசீவரைச் சோதிக்க அவர்களைவிடத் தகுந்தவர் எவர்?

சொற்பட்டியலை நேற்று தயாரித்துவிட்டேன். தமிழ், இந்தி, மலையாளம் மூன்றிலும் உள்ளது. தெலுங்கு பேசுவோர் ஒருவர் உதவினால் நான்காகும். பதிவு செய்ய அமைதியான குரல் இரண்டு தேவை. புதன்கிழமை மாலை ஆய்வகம் திறந்திருக்கும். தொழில்நுட்பர் அண்ணன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தோழியிடம் கேட்டேன், முதல் தாளை எழுதத் தாம் வருவதாகவும், இம்முறை தம்மைச் சன்னலோரத்தில் மட்டுமல்லாமல் நடு இருக்கையிலும் அமர்த்திச் சோதிக்க வேண்டுமென்றும் சொன்னார். அவ்விருக்கை வழக்கமாக யாருடையது என்பது உங்களுக்குத் தெரியும். புதன்கிழமைக்குமுன் அவரிடம் யார் பேசுவது என்பதைக் கருத்துப் பகுதியில் முடிவு செய்வோம்.